கொட்டகையில் தொடங்கும் கட்டுரை: கால்நடை ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கால்நடை உணவியலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். கோழிக் கொட்டகை, ஆட்டுப் பட்டி, ஆய்வுக்கூடம் என்று மாறி மாறிப் போனது காலம். இப்போது பெரும்பாலும் ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகளை ரிவ்யூ செய்கிறேன். ஆய்வுக் கட்டுரை தயாரிப்பது, அனுப்புவது பற்றி இன்று மாலை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த ஜர்னலுக்கு அனுப்பப் போகிறீர்களோ அதன் ஆத்தர் கைட்லைனை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கேளுங்கள். பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கும்.

முதுநிலை மாணவி, ஒரத்தநாடு: மேடம், தீசிஸ் 140 பக்கம் வந்துவிட்டது. அதைக் கட்டுரையாக்க எங்கிருந்து தொடங்குவது?

தீசிஸை மூடி வைத்துவிட்டுத் தொடங்கும்மா. அதைச் சுருக்க நினைத்தால் சுருங்கவே சுருங்காது. ஒரு வெள்ளைத்தாளில் "இந்த ஆய்வு எந்த ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது?" என்று எழுது. அந்த விடைக்குத் தேவையான மூன்று நான்கு அட்டவணைகளை மட்டும் எடுத்துக்கொள். முதலில் அட்டவணை, அப்புறம் முடிவுகள், அப்புறம் செய்முறை. விவாதமும் முன்னுரையும் அதற்குப் பின். சுருக்கமும் தலைப்பும் கடைசியில்.

அட்டவணைகளை அனுப்புவதற்கு முன் ஒரு கால்குலேட்டரோடு உட்கார். நான் ரிவ்யூ செய்யும்போது முதலில் பார்ப்பது தீவனக் கலவை அட்டவணையைத்தான். சமீபத்தில் ஒன்று வந்தது: மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 25, தவிடு 30, தாது உப்புக் கலவை 2, உப்பு 1. கூட்டினால் 98. மீதி இரண்டு பங்கு எங்கே? தட்டச்சுப் பிழையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு பங்கு விடுபட்ட பிறகு மற்ற எண்களை எப்படி நம்புவது? அதே கட்டுரையில் குட்டிகளின் தொடக்க எடை 10.2 கிலோ, இறுதி எடை 15.6 கிலோ, 90 நாள். அப்படியென்றால் தினசரி வளர்ச்சி 60 கிராம். அட்டவணையில் 68 என்று இருந்தது. நடுவில் ஒரு குட்டி இறந்து, அதைக் கணக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அது தவறில்லை. ஆனால் இறந்தது என்று கட்டுரையில் ஓரிடத்திலும் எழுதவில்லை. எத்தனை உயிர்கள் தொடங்கின, எத்தனை முடித்தன, போனவை ஏன் போயின என்று எழுதியே ஆக வேண்டும்.

தீவனம் உட்கொண்ட அளவை உலர்பொருள் அடிப்படையில், அதாவது ஈரத்தைக் கழித்து, கொடு. தினமும் வைத்தது எவ்வளவு, மறுநாள் காலை மீதியை எத்தனை மணிக்கு எடை போட்டீர்கள் என்பதும் வரட்டும். அந்த ஒரு வரி இருந்தால், கொட்டகையில் நின்று செய்த வேலை என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆராய்ச்சி மாணவர், சென்னை: சீக்கிரம் பப்ளிஷ் ஆகும் ஜர்னல் ஒன்று சொல்லுங்கள் மேடம்.

உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் எந்த ஜர்னல் அதிகம் வருகிறதோ அதன் வாசகர்கள்தான் உங்கள் வாசகர்கள். வெள்ளாடு, செம்மறி என்றால் 'ஸ்மால் ரூமினன்ட் ரிசர்ச்' பாருங்கள். பால்மாடு என்றால் 1917 முதல் வரும் 'ஜர்னல் ஆஃப் டெய்ரி சயின்ஸ்' இருக்கிறது. நம் நாட்டு இனங்கள், நம் தீவனங்கள் பற்றியது என்றால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.ஏ.ஆர்.) வெளியிடும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அனிமல் சயின்சஸ்'. வேறு பெயரில் 1931-இல் தொடங்கிய பத்திரிகை அது.

உங்களைப் பாராட்டி மெயில் அனுப்பி, ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று கேட்கும் ஜர்னல் பக்கம் போகாதீர்கள். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் கருத்துச் சொல்ல எனக்கே மூன்று நான்கு நாள் ஆகிறது.

தஞ்சாவூர் வாசகர்: எங்கள் பசுவுக்கு மடி வீங்கி, பாலில் திரி வருகிறது. என்ன கொடுக்கலாம்?

மடிநோயாக இருக்கலாம். காத்திருக்காமல் இன்றே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மருந்து தொடங்கும் முன் பால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

முதுநிலை மாணவர், நாமக்கல்: ஆய்வை முடித்துவிட்டோம். விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணை இப்போது வாங்க முடியுமா?

முடியாது. வாங்கக் கேட்கவும் கூடாது தம்பி. ஒப்புதல் தேதி ஆய்வு தொடங்கிய தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். எடிட்டர் அந்த ஒப்புதல் கடிதத்தின் நகலைக் கேட்டால் என்ன கொடுப்பாய்? உன் வழிகாட்டியிடம் உண்மையைச் சொல். அடுத்து வருகிறவர்கள் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் ஆட்டைக் கட்டும் முன் ஒப்புதல் கையில் இருக்கட்டும்.

ஆராய்ச்சி மாணவர், ஈரோடு: முருங்கை இலைத்தூள் 0, 1, 2, 3 சதவீதம். 240 பிராய்லர் குஞ்சுகள். ஒரு குழுவுக்கு மூன்று அறை, அறைக்கு 20 குஞ்சு. 240 எடையையும் வைத்து அனோவா, டங்கன் என்ற புள்ளியியல் சோதனைகளைப் போட்டேன். 'எக்ஸ்பெரிமென்டல் யூனிட் தவறு' என்று ரிஜெக்ட் செய்துவிட்டார்கள். ஏன் மேடம்?

இதை நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. மாதத்துக்கு இரண்டு கட்டுரையாவது இதே தவறோடு என்னிடம் வருகிறது.

நீங்கள் தீவனத்தைக் குஞ்சுக்கா கொடுத்தீர்கள், அறைக்கா? அறைக்கு. ஒரு அறையில் தண்ணீர் நிப்பிள் ஒழுகினால் இருபது கோழிக்கும் சேர்ந்தே தரை ஈரமாகும். ஒரு அறை விசிறிப் பக்கம் இருந்தால் இருபதுக்கும் காற்று. ஒரே அறைக் கோழிகள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. எனவே எந்த மிகச் சிறிய அலகுக்குத் தீவனத்தைத் தனித்தனியாக ஒதுக்க முடிந்ததோ அதுதான் கணக்கு, அதுதான் எக்ஸ்பெரிமென்டல் யூனிட். உங்களுக்கு அது 12 அறைகள். பிழைக்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது அலகுகளில் குழுக்கள் நான்கைக் கழித்தது, 8. நீங்கள் எழுதியது 236.

உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி: மன்னிக்கவும் மேடம், ஏற்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு கோழியையும் தனியாக எடை போட்டிருக்கிறார். அந்தத் தகவலை வீணாக்கச் சொல்கிறீர்களா? இப்படி வெளியான கட்டுரைகள் நிறைய இருக்கின்றனவே.

நிறைய இருக்கின்றன சார். நானே 1990-களில் அப்படி எழுதியிருக்கிறேன், அது தவறு. அதே அட்டவணையில் தீவன மாற்றுத் திறன் (தின்ற தீவனத்துக்கு எவ்வளவு எடை கூடியது என்ற கணக்கு) வரிசையைப் பாருங்கள். தீவனத்தை அறைவாரியாகத்தான் எடை போட்டோம். எந்தக் கோழி எவ்வளவு தின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அங்கே குழுவுக்கு மூன்று எண்தான். ஒரே ஆய்வில், ஒரே கொட்டகையில், உடல் எடைக்கு 60, தீவனத் திறனுக்கு 3 என்று எப்படி வரும்?

உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி: அப்படியானால் தனித்தனியாக எடை போடுவதே வேண்டாமே?

வேண்டும். ஒரு அறைக்குள் கோழிகள் சீராக வளர்ந்தனவா என்று அதில்தான் தெரியும். அறைச் சராசரி நம்பகமாகவும் இருக்கும். ஆனால் அது ரெப்ளிகேட்டின், அதாவது ஒரே தீவனம் பெற்ற தனி அலகுகளின், எண்ணிக்கையைக் கூட்டாது. விலங்கு ஆய்வுகளுக்கான அரைவ் வழிகாட்டி 2010-இல் வந்தது. 2020-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் அவசியமான பத்து அம்சங்களில் முதலாவதிலேயே, உங்கள் எக்ஸ்பெரிமென்டல் யூனிட் தனி விலங்கா, ஒரு கூண்டு விலங்குகளா என்று எழுதச் சொல்கிறார்கள்.

புள்ளியியல் ஆசிரியர், கோவை: அறையை ரேண்டம் எஃபெக்டாக வைத்து மிக்ஸட் மாடல் போட்டால் 240 எடையையும் பயன்படுத்தலாமே?

ஆமாம், அதுவும் சரியான வழிதான். ஒரே அறைக் கோழிகள் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதை அந்த மாடல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எல்லா அறையிலும் ஒரே எண்ணிக்கை என்றால் தீவனங்களை ஒப்பிடுவதில் அறைச் சராசரி தரும் விடையேதான் வரும். கோழிகள் இறந்து எண்ணிக்கை மாறினால் உங்கள் முறை நல்லது. திருநெல்வேலி சாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஈரோட்டுத் தம்பிக்கு இன்னொன்று. அதே 240 குஞ்சுகளைக் குழுவுக்கு ஆறு அறை, அறைக்குப் பத்து என்று பிரித்திருந்தால் 24 அறைகள், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 20. குஞ்சுச் செலவு கூடாது, தடுப்பு வலைதான் கொஞ்சம் கூடுதல். அப்புறம் 0, 1, 2, 3 என்று படிப்படியாக ஏற்றியிருக்கிறீர்கள். அதற்கு, குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் டங்கன் வேண்டாம். ஏற்ற ஏற்ற என்ன ஆகிறது என்பதே கேள்வி, ஆகவே நேர்கோடாகப் போகிறதா, வளைகிறதா என்று காட்டும் லீனியர், குவாட்ராடிக் கான்ட்ராஸ்ட் போடுங்கள்.

ஆராய்ச்சி மாணவர், சேலம்: பயமாக இருக்கிறது. சேலம் கருப்பு இன வெள்ளாட்டுக் குட்டிகள் 18. மூன்று பட்டி, பட்டிக்கு ஒரு தீவனம், பொதுத் தொட்டி. நான் என்ன செய்வது?

வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்களுக்குத் தீவனம் ஒன்றுக்கு ஒரு ரெப்ளிகேட்தான். பட்டியால் வந்த வித்தியாசமா, தீவனத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துக் காட்டாது. கடைசியில் குட்டிகளைக் கூண்டில் தனித்தனியாக வைத்துச் செரிமானச் சோதனை செய்தீர்களா? செய்திருந்தால் அங்கே ஒவ்வொரு குட்டிக்கும் தனியாகத் தீவனம் வைத்திருப்பீர்கள். அந்தப் பகுதியை மட்டும் கட்டுரையாக்குவது பற்றி வழிகாட்டியிடம் பேசுங்கள். வளர்ச்சிக் கணக்கை அதில் சேர்க்க வேண்டாம்.

விரிவுரையாளர், புதுச்சேரி: யு.ஜி.சி. கேர் பட்டியலில் இருந்து சீக்கிரம் போடும் ஜர்னல் எது?

ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று வைத்திருந்த கேர் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. சீக்கிரம் என்பதற்கு மேலே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆராய்ச்சி மாணவி, சென்னை: ஒப்புமை மென்பொருளில் 41 சதவீதம் காட்டுகிறது. எல்லாம் கிருஷிகோஷ் என்ற வேளாண் தீசிஸ் களஞ்சியத்தில் ஏற்றிய என் தீசிஸ்தான்.

பயப்பட வேண்டாம். தீசிஸிலிருந்து எழுதியது என்று கவர் லெட்டரில் ஒரு வரி சொல்லிவிடு. பல ஜர்னல்கள் தீசிஸை முன்பே வெளியானதாகக் கொள்வதில்லை. உன் ஜர்னல் என்ன சொல்கிறது என்று ஆத்தர் கைட்லைனில் பார். எப்படியும் முன்னுரையையும் விவாதத்தையும் புதிதாக எழுது. தீசிஸ் நடை கட்டுரைக்கு நீளம்.

முதுநிலை மாணவர் (ஊர் வேண்டாம் என்றார்): ஆய்வில் எதுவும் செய்யாத ஒருவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. திட்டமிட்டோ, தரவு எடுத்தோ, அலசியோ பங்களித்திருக்க வேண்டும். எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதித்து, கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். இந்த எல்லாமும் சேர்ந்தால்தான் ஆத்தர். பல ஜர்னல்களில் யார் என்ன செய்தார் என்று தனித்தனியாக நிரப்பும் படிவம் இருக்கிறது. அந்தப் படிவத்தை அச்செடுத்து வழிகாட்டியிடம் கொடுத்து, "அவர் பெயருக்கு நேரே என்ன எழுதட்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கொட்டகையில் தினமும் தீவனம் அளந்து கொடுத்த பணியாளரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, நன்றியுரையில் போட மறக்காதீர்கள்.

மாணவர், திருப்பூர்: சாட்ஜிபிடி வைத்து எழுதலாமா?

அதை ஆத்தராகப் போட முடியாது, பொறுப்பேற்க அதனால் இயலாது. ஆங்கிலம் திருத்தப் பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். மேற்கோளை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரையை இருக்கிற ஜர்னலின் பெயரில் கொடுத்துவிடும். ஒவ்வொரு மேற்கோளையும் நீங்களே திறந்து படித்திருக்க வேண்டும்.

விவசாய பீட மாணவர், கிளிநொச்சி: வணக்கம் மேடம். எங்கட ஆய்வில் வித்தியாசம் ஒன்றும் வரவில்லை, பி மதிப்பு 0.08. இதை ஏற்பார்களா?

வணக்கம் தம்பி. மலிவான உள்ளூர்த் தீவனம் விலை கூடிய தீவனத்துக்குச் சமமாக நின்றதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், வித்தியாசம் வராதது நல்ல செய்தி. ஆனால் ஆடுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வித்தியாசம் தெரியாமல் போகும். எனவே சராசரிகளின் வித்தியாசத்தையும் அதன் நம்பக இடைவெளியையும் (உண்மை வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பது) கொடுங்கள். 0.08 என்று அப்படியே எழுதுங்கள். அதை வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே கொண்டுவர ஆடுகளைக் கழித்துக் கூட்ட வேண்டாம்.

மாணவர், மதுரை: ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கும், இரண்டு மாதத்தில் வரும் ஜர்னல்...

மூன்றாவது முறை. மேலே படியுங்கள். காத்திருக்க முடியாமல் ஒரே கட்டுரையை இரண்டு ஜர்னலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரிவ்யூவர்கள் ஒரே ஆட்கள்தான். ஒரே கட்டுரை எனக்கு இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கிறது, இரண்டு எடிட்டருக்கும் எழுத வேண்டியதாயிற்று.

ஆராய்ச்சி மாணவி, நாமக்கல்: மேஜர் ரிவிஷன் வந்திருக்கிறது. 34 கருத்துகள். ரிவ்யூவர் இரண்டு இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

வாழ்த்துகள். மேஜர் ரிவிஷன் என்றால் பெரிய திருத்தம் கேட்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது. ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில், எந்தப் பக்கம் எந்த வரியில் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். 34 இருந்தால் 34 பதில். அவர் தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் "நாங்கள் தெளிவாக எழுதவில்லை" என்று தொடங்கி அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். அவர் தடுமாறிய இடத்தில் வாசகரும் தடுமாறுவார். கருத்து உண்மையிலேயே தவறு என்றால் காரணத்தோடு மறுக்கலாம், எடிட்டர் படிப்பார்.

ஆராய்ச்சி மாணவர், ஈரோடு: மேடம், மறுபடியும் நான்தான். 12 அறைச் சராசரியை வைத்து இப்போதே போட்டுப் பார்த்தேன். உடல் எடையில் வித்தியாசம் போய்விட்டது. தீவன மாற்றுத் திறனில் லீனியர் மட்டும் நிற்கிறது, பி மதிப்பு 0.03. இதை அனுப்பலாமா?

அனுப்புங்கள் தம்பி. "முருங்கை இலைத்தூள் எடையைக் கூட்டுகிறது" என்ற தலைப்பை மாற்றிவிடுங்கள். குழுவுக்கு மூன்று அறைதான் என்பதை விவாதத்தில் நீங்களே சொல்லுங்கள், ரிவ்யூவர் சொல்லும்வரை வைத்திருக்க வேண்டாம். அறைவாரியான எடையையும் தீவனக் கணக்கையும் துணை அட்டவணையாக இணையுங்கள். கலவை அட்டவணையின் கூட்டுத்தொகை நான்கு தீவனத்திலும் 100 வருகிறதா என்று பார்த்தீர்களா?

ஆராய்ச்சி மாணவர், ஈரோடு: பார்த்தேன். மூன்றாவதில் 101 வருகிறது.

பதிவேட்டில் கலவை போட்ட நாளின் பக்கத்தைத் திறந்து எது சரி என்று பாருங்கள். நினைவிலிருந்து திருத்த வேண்டாம்.