கொண்டை ஊசி வளைவை வெட்டாதீர்கள்

கேள்வி: கோடை ஞாயிறு ஒன்றில் மலைமேல் உள்ள ஏரிக்கு நடந்து சென்றோம். பாதையில் நகர முடியாத கூட்டம். குறுக்குவழியில் ஏறித்தான் கரையை அடைந்தோம். இத்தகைய ஏரிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கினால் என்ன?

பதில்: சீட்டு இருக்கட்டும், முதலில் அந்தக் குறுக்குவழியைப் பேசிவிடுவோம். செங்குத்தான சரிவில் பாதையைக் கொண்டை ஊசி வளைவுகளாக மடித்து அமைப்பது ஏறுகிறவரின் மூச்சுக்காக மட்டுமன்று. மழைநீரும் உருகும் பனியும் வேகம் பிடித்து மண்ணை அரித்துச் செல்லாமல் இருப்பதற்காகவும்தான். இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒருவர் நேராக ஏறினால், அந்தத் தடத்தைப் பார்த்து அடுத்தவரும் ஏறுகிறார். சில மழைக்குள் அது நீர் ஓடும் பள்ளமாகிறது. மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே பனியில்லாத காலம் சில வாரங்களே என்பதால், தரையோடு மெத்தைபோல் ஒட்டி வளரும் செடிகள் ஓராண்டில் வளர்வது மிகச் சொற்பம். மிதிபட்டு அழிந்த இடம் மீளப் பல பத்தாண்டுகள் பிடிக்கலாம். உங்களுக்கு இடைஞ்சலாகத் தெரிந்த அந்தக் கூட்டம், சேறானாலும் பாதையிலேயே கால்வைத்துப் பொறுமையாக நின்றது. என் மரியாதை அவர்களுக்குத்தான்.

‘மக்கும் சோப்பு’ என்றால் ஏரி நீரிலேயே கழுவலாம் என்று வாதாடும் வாசகர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்குள்ள பழைய வழக்கும் இங்கே வந்துவிடுகிறது. உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும், அது சிதைவதற்கு மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் வேண்டும். சத்துக் குறைவாக இருப்பதாலேயே கண்ணாடியாய்த் தெளிந்திருக்கும் அந்தக் குளிர்ந்த நீரில் அதைக் கரைக்காதீர்கள். பாத்திரம் கழுவுவதானாலும் மலம் கழிப்பதானாலும் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள்.

இனி சீட்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள என்சான்ட்மென்ட்ஸ் ஏரிகளில் கோடையில் இரவு தங்கக் குலுக்கலில் அனுமதி பெற வேண்டும். பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்குக் குலுக்கல் இல்லாததால் பகல்நேர நெரிசலை அது தொடுவதில்லை. கனடாவின் பான்ஃப் பூங்காவில் மொரெய்ன் ஏரிச் சாலை 2023 முதல் சொந்தக் கார்களுக்கு மூடப்பட்டிருக்கிறது, பேருந்தில் செல்லலாம். இரண்டில் எனக்கு உகந்தது பேருந்தே. ஒரு நாளில் எத்தனை பேர் மேலே செல்லலாம் என்பதற்கு அது இயல்பாகவே வரம்பிடுகிறது. கார் இல்லாதவருக்கும் ஏரி எட்டுகிறது.

நீங்கள் அடுத்த முறை வாரநாளில் போகப் பாருங்கள். ஞாயிறுதான் வாய்க்குமென்றால் விடியுமுன் நடக்கத் தொடங்குங்கள். கோடைப் பிற்பகலில் மலைமேல் இடிமழை திரளுமுன் இறங்கிவிடவும் அது உதவும்.