டைல்ஸ் ஒட்டும் முன் பைப்பில் டோர் வைத்துவிடுங்கள்

வணக்கம் சார். மாடி பாத்ரூமில் கமோடிலிருந்து ஷாஃப்ட் (பைப்புகள் கீழே இறங்கும் குழி) வரை கழிவுப் பைப் 12 அடி, நடுவில் இரண்டு எல்போ (பைப்பைத் திருப்பும் துண்டு), "டோரெல்லாம் வேண்டாம்" என்கிறார் பிளம்பர், அடுத்த வாரம் டைல்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். டைல்ஸை நிறுத்தி வையுங்கள். டோர் என்பது அடைப்பு எடுக்கத் திறக்கும், போல்ட் போட்ட மூடி; அது இல்லாமல் முடியாது.

அடைப்பு பெரும்பாலும் திருப்பத்தில்தான் பிடிக்கும். 90 டிகிரி எல்போ ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்ட் போடச் சொல்லுங்கள். பைப் 110 மி.மீ., வாட்டம் 40-க்கு 1. உங்கள் 12 அடிக்குச் சுமார் 3½ அங்குலம். மட்டப்பலகையை நீங்களே வைத்துப் பாருங்கள்.

சங்கனுக்குள் (பாத்ரூம் தரைக்கடியில் பைப் போகும் பள்ளம்) டோர் உள்ள பெண்ட் வைத்து மேலே காங்கிரீட் போட்டால் பயனில்லை. பைப் சுவரைத் தாண்டி ஷாஃப்டுக்குள் வரும் இடத்தில், ஸ்பேனர் சுழற்றக் கை நுழையும்படி டோர் வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார்கள். நான்கே போல்ட், ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. கடைசியில் பைப்பையே அறுத்தோம்.

அப்புறம், சங்கனை நிரப்பும் முன் ஷாஃப்ட் பக்க முனையை அடைத்து, கமோட் வாய் வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். காலையில் இறங்கியிருந்தால் ஏதோ ஒரு ஜாயின்ட் கசிகிறது. சரியாக இருந்தால், அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளம்பர் முறைப்பார். முறைக்கட்டும்.