பாங்காக் முதல் சிங்கப்பூர் வரை ரயிலில்: கேட்டதற்குப் பதில்

பாங்காக், மலேசியா, சிங்கப்பூர் என்று ரயிலிலேயே ஒரு சுற்றுப் போக ஆசைப்பட்டு நம் வேலூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். ரயில் சம்பந்தமாக எதுவானாலும் சொல்கிறேன். எங்கே பர்சேஸ் பண்ணலாம் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

காட்பாடி: இங்கிருந்தே தாய்லாந்துக்கு ரயிலில் போக முடியாதா?

முடியாது. நம் நாட்டிலிருந்து மியான்மருக்குள் ரயில் பாதை கிடையாது. சென்னையில் விமானம் ஏறி பாங்காக் போங்கள், சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் சென்னை திரும்புங்கள்.

குடியாத்தம்: அப்பாவுக்கு எழுபது வயது, அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா? எங்கெங்கே தங்குவது?

தாராளமாகக் கூட்டிப்போகலாம், ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும். பாங்காக்கில் 2023 ஜனவரியிலிருந்து தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் ரயில்கள் குருங் தெப் அபிவாட் என்ற புது நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பழைய ஹுவா லம்போங்கில் போய் நிற்காதீர்கள். டாக்சிக்காரரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மதியத்துக்கு மேல் கிளம்பும் 45ஆம் எண் ரயிலில் இரண்டே இரண்டு பெட்டிகள்தான் எல்லை நிலையமான பாதாங் பெசார் வரை போகும், மற்றவை ஹாட் யாயில் கழன்றுவிடும். அதனால் இருப்பதே கொஞ்சம் பெர்த்துதான், சீக்கிரம் போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்குக் கீழ் பெர்த். கொஞ்சம் விலை கூட, ஆனால் அகலம் அதிகம், ஜன்னலும் உண்டு. படுக்கை நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் இருக்கும், பணியாளரே வந்து மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, திரையும் மாட்டிவிட்டுப் போவார்.

காலையில் பாதாங் பெசாரில் எல்லாப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு இறங்கணும். தாய்லாந்து முத்திரை, மலேசிய முத்திரை இரண்டும் அதே நிலையத்திலேயே. வாட்சை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், மலேசிய நேரம் அப்படி. அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பெர்ரி, அக்கரையில் பினாங்கு. அம்மாவுக்கு இட்லி கிடைக்கும், கவலை வேண்டாம். பிறகு இடிஎஸ் மின்சார ரயிலில் கோலாலம்பூர். 2025 டிசம்பர் முதல் அதே இடிஎஸ் ஜோகூர் பாரு வரை போகிறது. அங்கே ஷட்டில் ரயிலில் பாலத்தைத் தாண்டினால் ஐந்தே நிமிடத்தில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ். அந்த ஐந்து நிமிட டிக்கெட்தான் முதலில் தீர்ந்துபோகும்.

ராணிப்பேட்டை: இதற்கெல்லாம் ஒரே டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்காது. தாய்லாந்துக்குத் தனி, மலேசியாவுக்குத் தனி. இரண்டையும் ஆன்லைனிலேயே போடலாம்.

அரக்கோணம்: இடிஎஸ் மீட்டர் கேஜில் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம்) 140 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று முன்பு சொன்னீர்கள். நான் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவன். வைகை எக்ஸ்பிரஸே மீட்டர் கேஜில் நூறைச் சுற்றித்தான் ஓடியது. கதை விடாதீர்கள்.

ஐயா, கதை இல்லை. வைகை ஓடிய பாதை வேறு, இது வேறு. மலேசியாவில் ஈப்போவிலிருந்து பாதாங் பெசார் வரை இரட்டைப் பாதையாகவே புதிதாகப் போட்டார்கள், 2015ல் ஓட்டம் தொடங்கியது. கான்கிரீட் ஸ்லீப்பர், நிமிர்த்திய வளைவுகள், லெவல் கிராசிங் கிடையாது. மேலே நம்ம ஊர் போலவே 25 கிலோவோல்ட் கம்பி. இஞ்சின் இழுக்கிற ரயிலும் இல்லை, மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன.

திருப்பத்தூர்: பாதாங் பெசாரில் காலை ரயிலிலிருந்து இறங்கி, அடுத்த அரை மணியில் கிளம்பும் ரயிலைப் பிடிக்கலாமா?

தாய்லாந்து நேரத்தில் அரை மணியா, மலேசிய நேரத்திலா? ஒரு மணி நேர வித்தியாசம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள். அந்த இரவு ரயில் தாமதமாவது சகஜம்.

அரக்கோணம்: அகலம் குறைந்தால் ரயில் ஆடும், இது இயற்பியல். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆடும்தான், ஆனால் எந்த வேகத்தில் என்பதைப் பாதையும் போகியும்தான் (பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டம்) தீர்மானிக்கும். தென்னாப்பிரிக்காவில் 1,067 மில்லிமீட்டர் பாதையில் 1978லேயே 245 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுக் காட்டினார்கள்.

வாணியம்பாடி: விசா?

விதி அடிக்கடி மாறுகிறது, தூதரகத் தளத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். சிங்கப்பூருக்கு நமக்கு விசா கட்டாயம். மூன்று நாடுகளுக்குமே வருகை அட்டையை ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்பணும். வாயில் போடும் புகையிலை சிங்கப்பூரில் தடை, பையில் ஒரு பாக்கெட்கூட இருக்கக் கூடாது.

ஆரணி: எங்கள் பாட்டனாரின் அண்ணன் மலாயா எஸ்டேட்டுக்குப் போனவர், ‘சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) ரயில் போடக் கொண்டுபோனார்கள்’ என்பதோடு செய்தி நின்றுவிட்டது. அந்தப் பாதையைப் பார்க்க முடியுமா?

முடியும். பாங்காக்கில் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். 1942–43ல் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட பாதை அது, சுமார் 415 கிலோமீட்டர். வட ஆற்காட்டிலிருந்து மலாயாவுக்குப் போன குடும்பங்கள் நிறைய, அந்த எஸ்டேட்களிலிருந்துதான் தமிழர்களை வண்டி வண்டியாக ஏற்றிக் கொண்டுபோனார்கள். தொன்புரி நிலையத்தில் (அபிவாட்டில் அல்ல!) சாதாரண ரயில் ஏறி காஞ்சனபுரி தாண்டி நாம் டோக் என்ற ஊர் வரை போகலாம். வாங் போ பக்கம் மரச்சட்டப் பாலத்தில் ரயில் நடை வேகத்துக்கு இறங்கும். ஒரு பக்கம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பாறை, மறு பக்கம் நேர் கீழே ஆறு, அடியில் கட்டைகள் முனகும். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: காஞ்சனபுரியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கானது. வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் லட்சத்துக்கு மேல், ஆனால் அவர்கள் பெயர்களை அந்தக் கற்களில் தேடினால் கிடைக்காது. வீட்டில் பழைய கடிதம், எஸ்டேட் பெயர் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள், தேட அதுதான் துப்பு.

காட்பாடி கல்லூரி மாணவர்: பாங்காக்கிலிருந்து வடக்கே லாவோஸ் வழியாகச் சீனா போகலாமா?

போகலாம் தம்பி. பாங்காக்–வியன்டியான் இரவு ரயில் 2024ல் வந்தது. வியன்டியானில் சீனர்கள் கட்டிய நிலையம் வேறு, பாதையும் ஸ்டாண்டர்ட் கேஜ் (1,435 மில்லிமீட்டர்), தாய்லாந்து ரயில் நிற்கும் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. 2023லிருந்து குன்மிங்குக்கு நேரடி ரயில் உண்டு. நடுவில் லுவாங் பிரபாங்கில் இறங்காமல் போகாதே.

ஆற்காடு: பாங்காக்கில் ஹுவா லம்போங் பக்கத்தில் நல்ல லாட்ஜ் சொல்லுங்கள், காலையில் நடந்தே ரயிலுக்குப் போய்விடலாம்.

குடியாத்தத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

அரக்கோணம்: 1,067 என்பது மீட்டர் கேஜ் இல்லை. 67 மில்லிமீட்டர் கூட.

சரி ஐயா, அந்த 67 உங்களுக்கு. 140 எனக்கு. ஈப்போவுக்கு வடக்கே உட்கார்ந்துகொண்டு மொபைலில் ஜிபிஎஸ் போட்டுப் பாருங்கள். மகனிடம் டிக்கெட் போடச் சொல்லுங்கள், ஜன்னல் சீட்.