வீடு மங்கியதா, விழி மங்கியதா?

கேள்வி: எனக்கு வயது 66. வாக்கப்பட்டு வந்த நாளில் இந்த வீட்டின் ஆத்தங்குடிப் பூக்கல் தரையைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனவள் நான். இப்போது அதே தரை சாம்பல் பூத்ததுபோல் கிடக்கிறது. அண்மையில் கண்டாங்கிச் சேலை எடுக்கப் போய், கருநீலத்தைக் கறுப்பென்று எண்ணி எடுத்து வந்துவிட்டேன். ஊருக்கு வந்த பேத்தி தூணையும் தரையையும் விடாமல் படம் பிடிக்கிறாள். எனக்கோ எதிலும் மனம் லயிக்கவில்லை. வயதானால் அழகை ரசிக்கும் மனம் வற்றிவிடுமா?

– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அன்புள்ள ஆச்சிக்கு,

மனத்தின் மேல் பழி போடுவதற்கு முன்பு கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கருநீலச் சேலைதான். வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சள் பூத்து, உள்ளே வரும் ஒளியில் நீலத்தைத்தான் அதிகமாகத் தடுக்கிறது. கண்ணின் பாவையும் சுருங்கிவிடுவதால், 20 வயதில் விழித்திரையை எட்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் எட்டுகிறது. இது பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக நிகழ்வதால், குறை கண்ணில் இருப்பதே தெரியாமல், பார்க்கும் பொருள் வெளிறிவிட்டதாகத் தோன்றும். கண்புரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே, புரை முற்றிய காலத்தில் தீட்டிய படங்களில் சிவப்பும் பழுப்பும் மண்டிக்கிடந்தன. 1923ஆம் ஆண்டு, 82 வயதில், வலக் கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு, எல்லாம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரிகிறதென்று குறைபட்டுக்கொண்டார். அவருடைய ரசனையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் அல்லவா?

ஆனால் கண் மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. உங்கள் பேத்தி அந்த வீட்டில் விருந்தாளி. நீங்கள் அதைக் கட்டிக் காப்பவர். பர்மாத் தேக்குத் தூணை அவள் பார்க்கும்போது அதன் வழவழப்புத் தெரிகிறது; நீங்கள் பார்க்கும்போது அடியில் கரையான் ஏறியிருக்கிறதா என்று கண் தேடுகிறது. மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்ற வேண்டும், அதற்குப் பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்ற கவலையோடு அண்ணாந்து பார்ப்பவருக்குக் கூரையின் வேலைப்பாடு எப்படிக் கண்ணில் படும்? இதை முதுமையின் குறை என்று நான் ஒப்பமாட்டேன்; பொறுப்பின் சுமை என்பேன். வாரத்தில் ஒரு பொழுதாவது, பழுது பார்க்கும் கண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருங்கள். உச்சி வெயிலில் வேண்டாம். மூத்த விழிவில்லை ஒளியைச் சிதறடிப்பதால் கண் கூசும். வளவு வாசலில் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் நல்லது.

அப்போது ஒரே ஒரு பூக்கல்லைக் குனிந்து பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது ஆத்தங்குடி வழக்கம், சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு மினுமினுப்பாக இறங்குகிறது. கையால் ஊற்றுவதால் ஏதோ ஓர் இதழின் ஓரத்தில் வண்ணம் சற்றே கசிந்திருக்கும். பக்கத்துக் கல்லில் அது இராது. இளம் வயதில் நாம் முழுக் கோலத்தைப் பார்த்து மயங்குகிறோம். அந்தக் கசிவுக்குப் பின்னே ஒருவரின் கை இருந்ததை உணர்வதற்கு, நாமும் கொஞ்ச காலம் கையால் உழைத்திருக்க வேண்டும். இந்தப் பார்வை பேத்திக்கு இன்னும் வாய்த்திருக்காது. அவள் படம் பிடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லலாம்.

கண் மருத்துவரிடம் போகும்போது யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெளிச்சமும் கூசும். சர்க்கரை நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லி, விழித்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.