கேளுங்க சொல்றேன்: ஆசிட்னு குடுத்தாங்க, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இறங்கல

கேள்வி: அக்கா பையன் கோரமங்களால பிஜில இருக்கான், ஐடி வேலை. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட்ஸோட சேந்து ஆசிட் பேப்பர்னு ஏதோ நாக்குல வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல, தாடை இறுகிப் போச்சு, விரல் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. இப்போ நல்லா இருக்கான். ஆனா அது ஆசிட் தானா? - வாசகி, அல்சூர்

பதில்: லேப்ல பாத்தா தான் உறுதியா சொல்ல முடியும்மா. ஆனா எல்எஸ்டின்னா (ஆசிட்னு சொல்றது இதைத் தான்) பெரும்பாலும் 8 லேந்து 12 மணி நேரத்துல அடங்கிடும், நீங்க சொல்ற கணக்கு அதைத் தாண்டிப் போகுது. எனக்கு சந்தேகம் டிஓசி, டிஓபி மாதிரி சரக்கு மேல தான். இதெல்லாம் ஆம்ஃபெட்டமின்னு சொல்ற, தூக்கத்தை விரட்டுற ஊக்க மருந்து குடும்பம், ஆனா வேலை மாயத்தோற்றம் காட்டுறது. ஆம்ஃபெட்டமின்ல மெத்தாக்ஸி குரூப்னு குட்டி அணுக்கூட்டம் ரெண்டை மாட்டி, அதோட வளையத்துல நாலாவது இடத்துல ஒரே ஒரு அணுவை மட்டும் மாத்திக்கிட்டே போவாங்க: புரோமின் வெச்சா டிஓபி, அயோடின் வெச்சா டிஓஐ, குளோரின் வெச்சா டிஓசி (ஆமா, காவேரி தண்ணில கலக்குற அதே குளோரின் தான்). கொஞ்சூண்டு அளவுலயே வேலை செய்யும், அதனால எல்எஸ்டி மாதிரியே குட்டி பேப்பர்ல அடங்கிடும், விக்கிறவனுக்கும் வசதி. விரல் ஜில்லுனு ஆனதைத் தான் நான் முக்கியமா பாக்குறேன், இந்த வகை ரத்தக்குழாயை சுருக்கும், டிஓபி சாப்பிட்டு கைகால் ரத்தக்குழாய் மொத்தமா இறுகிப் போன கேஸ் எல்லாம் மருத்துவ பத்திரிகைகள்ல வந்திருக்கு.

கேள்வி: போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்னும் ஏறலன்னா சரக்கு வீக்னு அர்த்தமா? இன்னொன்னு போடலாமா? - பேர் வேணாம், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் பகுதியை நீட்டிட்டேன் தம்பி. போடவே கூடாது. இந்த வகை ஏறவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், சில பேருக்கு ரெண்டு மூணு மணி கூட. வீக்னு நெனச்சு ரெண்டாவது போட்டவனுக்கு ரெண்டும் சேந்து ஏறும். இது இன்னைக்கு நேத்து கதை இல்ல, இதோட அண்ணன் டிஓஎம்-ஐ அலெக்சாண்டர் ஷுல்கின்னு ஒரு கெமிஸ்ட் 1963-ல அமெரிக்காவுல செஞ்சாரு, 1967-ல அது எஸ்டிபின்னு பேரு மாறி சான் பிரான்சிஸ்கோ தெருவுக்கு வந்துச்சு. மாத்திரையில அளவு ரொம்ப ஜாஸ்தி, ஏறவும் லேட்டு, பசங்க பொறுமை இல்லாம இன்னொன்னு முழுங்கினாங்க, கடைசில ஆஸ்பத்திரி எமர்ஜென்சில வந்து குவிஞ்சாங்க. அறுபது வருஷம் ஆச்சு, பேப்பர் டிசைன் தான் மாறியிருக்கு.

கேள்வி: இவ்வளவு தெரிஞ்ச சரக்குன்னா இதைப் பத்தி ஆராய்ச்சி நிறைய இருக்கும் இல்ல? - வாசகர், பசவனகுடி

பதில்: எலிக்கு இருக்கு சார், மனுஷனுக்கு இல்ல. டிஓஐ குடுத்தா எலி தலையை வெடுக்குனு உதறும், அதை வெச்சு மூளையில 5-எச்டி2ஏ-ன்னு ஒரு செரோட்டோனின் ரிசெப்டர் (செரோட்டோனின்ங்கிற மூளை ரசாயனம் வந்து ஒட்டுற இடம்) எப்படி வேலை செய்யுதுன்னு லேப்ல வருஷக்கணக்கா பாக்குறாங்க. அதனால தான் 2023 டிசம்பர்ல அமெரிக்க போதைத் தடுப்பு துறை டிஓஐ, டிஓசி ரெண்டையும் ஷெட்யூல் 1-ல, அதாவது ரொம்ப கடுமையான தடைப் பட்டியல்ல, போடப் போறோம்னு சொன்னப்போ விஞ்ஞானிங்களே எதிர்த்து நின்னாங்க. ஐநா பட்டியல்ல டிஓசி 2020-லயே ஏறிடுச்சு. மனுஷன் சாப்பிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு நம்மகிட்ட இருக்கறது ஆஸ்பத்திரி கேஸ் குறிப்புகளும் சாப்பிட்டவன் சொன்ன கதையும் தான், ஒழுங்கான கிளினிக்கல் டிரயல்னு ஒன்னு காட்ட முடியாது. எவ்வளவு சாப்பிட்டா சேஃப்னு யாராவது நெட்டுல நம்பர் சொன்னா அது வெறும் குருட்டு கணக்கு.

கேள்வி: யூரின் டெஸ்ட்ல மாட்டுமா? - (பேரும் இல்ல, ஊரும் இல்ல)

பதில்: கேள்வியிலேயே ஆள் யாருன்னு தெரியுது! சாதாரண ஸ்ட்ரிப் டெஸ்ட்ல இது பல சமயம் சிக்காது. அது உங்களுக்கு நல்ல செய்தி இல்ல, மயங்கிக் கிடக்கும்போது டாக்டருக்கும் நெகட்டிவ்னு தான் காட்டும். அதனால கூட்டிட்டு போறவங்க வாயைத் திறந்து என்ன போட்டான், எத்தனை மணிக்கு போட்டான்னு சொல்லணும், மிச்ச பேப்பர் இருந்தா அதையும் காட்டணும். மாத்து மருந்துன்னு தனியா ஒன்னும் கிடையாது. வலிப்பு வந்தாலோ ஆள் ரொம்ப பதறினாலோ டயசிபாம் வகை மருந்து, ஒடம்பு கொதிச்சா குளிர வெக்கிறது, கையில டிரிப்ஸ் ஏத்துறது, பிரஷரைப் பாக்குறது, அவ்வளவு தான். கைகால் நீலமானா, வலிப்பு வந்தா, ஒடம்பு நெருப்பா கொதிச்சா உடனே 108. டிஓபியும் டிஓஎம்மும் என்டிபிஎஸ்ங்கிற நம்ம போதைப்பொருள் சட்டப் பட்டியல்லயே இருக்கு, வாஸ்தவம் தான், ஆனா போலீஸ் பயத்துல பிஜி ரூமுக்குள்ளயே மோர் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. விடணும்னு நெனச்சா நிம்ஹான்ஸ்ல இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு, போன்ல பேசணும்னா 14446.