நடந்தால் விடுகிறது, படுத்தால் குடைகிறது

கேள்வி: வயது 44. நடவு, களையெடுப்புக்குப் போகிறேன். பொழுது சாய்ந்து உட்கார்ந்தாலே கெண்டைக்காலுக்குள் பூச்சி ஊர்வதுபோல் குடைகிறது. எழுந்து கூடத்தில் நடந்தால் விட்டுவிடும், படுத்தால் மறுபடியும். தூக்கம் பிடிக்க விடிகாலை மூன்று ஆகிறது. சேற்றில் நின்ற அலுப்பு என்கிறார்கள். ரத்தம் 12.2 இருக்கிறது, சோகை இல்லையாம். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அலுப்பென்றால் படுத்ததும் கால் ஆறும். உங்களுக்குப் படுத்தால்தான் தொல்லை. அசைத்தால் அடங்குகிறது, பகலில் இல்லை, இரவில் இருக்கிறது. மருத்துவர்கள் இதை ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் (ஓயாத கால் நோய்) என்பார்கள். மனப்பிரமை இல்லை, சோம்பலும் இல்லை. மூளையில் இரும்புச்சத்து குறைந்தால் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை தடுமாறுகிறது. டோபமைன் இரவில் இயல்பாகவே இறங்குவதால் குடைச்சலும் இரவில் ஏறுகிறது.

ஹீமோகுளோபின் 12.2 என்பதை வைத்து இரும்பு போதும் என்று முடிவு கட்டக் கூடாது. அது கைச்செலவுக் காசு மாதிரி; குதிரில் இருப்பதைச் சொல்வது ஃபெரிட்டின். காலையில் வெறும் வயிற்றில் ஃபெரிட்டினும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுத்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். ஃபெரிட்டின் 20 இருந்தாலும் லேப் சீட்டில் 'இயல்பு' என்று அச்சாகியிருக்கலாம். இந்த நோய்க்கு அது போதாது: 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பார்கள்.

சுகாதார நிலையத்தில் பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பு உண்டு. மருத்துவர் சொன்னால் தினம் ஒன்று, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், எலுமிச்சைச் சாறோடு வெறும் வயிற்றில். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் காபி, டீ, பால் வேண்டாம். மாத்திரை பலிக்காமல் போவதற்குக் காலைக் காபியும் ஒரு காரணம். மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. பரிசோதிக்காமல் நீங்களாக விழுங்க வேண்டாம். தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோய்களில் இரும்பு உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; ஓட்டையை அடைக்காமல் நிரப்பிப் பயனில்லை.

சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமைன் மாத்திரை, வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைடு, அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் குடைச்சலைக் கூட்டும். எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்தாமல், மாற்று கேளுங்கள். மதியத்துக்குப் பின் காபி வேண்டாம். படுக்கும் முன் வெந்நீரில் காலை வைத்து, கெண்டைக்காலை நீவிவிடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 15 வருடமாகச் சர்க்கரை. பாதம் எரிகிறது, மரத்தும் போகிறது. இதுவும் அதுதானா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பகலிலும் எரிந்து, நடந்தாலும் குறையவில்லை என்றால் பெரும்பாலும் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு. சதை கல்லாக இறுகி வலித்தால் அது பிடிப்பு. மரத்த பாதத்தை வெந்நீரில் வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் நோய்தான். ரோபினிரோல் சாப்பிட்டு இரண்டு வருடம் நன்றாக இருந்தார். இப்போது மதியம் இரண்டு மணிக்கே ஆரம்பித்துக் கைக்கும் பரவுகிறது. அளவைக் கூட்டலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கூட்டாதீர்கள். டோபமைன்போல வேலை செய்யும் ரோபினிரோல், பிராமிபெக்சோல் இரண்டும் நாள்பட நோயையே முடுக்கிவிடக்கூடியவை. முன்னதாகவே தொடங்குவது, கைக்குப் பரவுவது இரண்டும் அதன் அடையாளம். கூட்டினால் சில வாரம் அடங்கி, முன்னைவிட மோசமாகத் திரும்பும். சட்டென நிறுத்தினாலும் சில இரவுகள் நரகம். நரம்பியல் மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார். ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய்க்கு இன்று முதலில் எழுதப்படுவது காபாபென்டின், பிரிகாபலின் என்ற நரம்பு மருந்துகள். சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறைய வேண்டும், ஆகவே கிரியாட்டினின் பார்த்த பிறகே தொடங்கட்டும். இவை தலைசுற்றல் தரும். அப்பா இரவில் எழும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.