பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகக் கடற்கரை ஹோட்டலை எப்படித் தெரிவு செய்வது?

தெஹிவளையில் வீடு, 16 வயது மகள், 13 வயது மகன், ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று இரவு, கொழும்பிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய கடற்கரை ஹோட்டல். இதுதானே உங்கள் கேள்வி? எந்த ஹோட்டல் என்று சொல்வதற்கு முன் அந்த இரண்டு மணித்தியால நிபந்தனையைப் பற்றிக் கதைக்க வேண்டும். ஆகஸ்டில் அந்தத் தூரத்துக்குள் இருக்கிற எந்தக் கடலிலும் பிள்ளைகளை நிம்மதியாக இறக்க முடியாது, ஹோட்டல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

காரணம் காற்று. வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாதி வரைக்கும் மேற்கு, தென்மேற்குக் கரை முழுக்கக் கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். நீர்கொழும்பு, கல்கிசை, வாதுவை, பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். வெள்ளவத்தையில் மரின் டிரைவ் பக்கம் இருக்கிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்த மாதங்களில் தண்டவாளத்துக்கு அப்பால் கற்களில் அலை மோதுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும், யன்னல் கம்பியில் உப்புப் படியும். அதே நாட்களில் தீவின் மறுபக்கத்தில் அந்தக் காற்று தரையைக் கடந்து கச்சான் என்கிற மேல்காற்றாக வருவதால் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் கடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். ஆகவே எங்கள் பள்ளி விடுமுறைகளுக்குக் கணக்கு இதுதான்: ஆகஸ்ட் என்றால் கிழக்கு, டிசம்பர் என்றால் மேற்கும் தெற்கும், சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைக்கு இரண்டு பக்கமும் பரவாயில்லை. ஆகஸ்டில் தென்மேற்குக் கரை ஹோட்டல் ஒன்று உள்ளூர்க்காரருக்கு நல்ல விலைக்கழிவு தருகிறது என்று விளம்பரம் பார்த்தால், அந்தக் கழிவுக்குப் பின்னால் கடலின் நிலையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உங்கள் பிள்ளைகளின் வயது. ஐந்து வயதுப் பிள்ளை என்றால் கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைத்துக் கூட்டி வந்துவிடலாம். 16 வயதுப் பிள்ளையை அப்படிப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது. பள்ளி நீச்சல் தடாகத்தில் நன்றாக நீந்துகிற பிள்ளை கடலிலும் அப்படித்தான் என்று நம்பும். ஆனால் கடலில் கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழமான ஓர் இடைவெளி கிடைத்தால் அதன் வழியாக மிக வேகமாக வெளியே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. கரையிலிருந்து பார்த்தால் அதுதான் அமைதியான இடமாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். தெரியாதவர்கள் இறங்குவதற்கு அதைத்தான் தேடிப் போவார்கள். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, பலம் தீர்ந்துவிடும். கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையை விட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இதை வீட்டிலேயே, புறப்படுவதற்கு முதல் நாள், இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொல்லுங்கள். கடற்கரையில் வைத்துச் சொன்னால் காதில் ஏறாது.

கல்கிசை போன்ற கரைகளில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் நிற்பார்கள். எல்லாக் கரையிலும் நிற்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஹோட்டலுக்கு அழைத்துக் கேட்கும்போது, "உயிர்காப்பாளர் இருக்கிறாரா?" என்று மட்டும் கேட்டால் தடாகத்தில் நிற்பவரை நினைத்து "ஓம்" என்பார்கள். "கடலுக்கு ஆள் இருக்கிறாரா, எத்தனை மணி வரை?" என்று பிரித்துக் கேளுங்கள். சிவப்புக் கொடி போட்டால் இறங்குவதில்லை என்பதில் பேரம் பேச இடம் கொடுக்காதீர்கள்.

சரி, கிழக்கில் எங்கே? அமைதியான கடல் என்று மட்டும் பார்த்தால் பாசிக்குடாவை மிஞ்ச ஒன்றும் இல்லை. வளைந்த குடா, நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு தண்ணீர். உகா பே, அமாயா பீச், மாலு மாலு என்று நல்ல ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே அனுப்புவேன். ஆனால் உங்கள் மகளுக்கு அது இரண்டாம் நாளே சலித்துவிடும் என்பது என் எண்ணம். ஹோட்டல் வளவுக்கு வெளியே வந்தால் நடந்து போய்ப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா அப்பாவோடு ஒரு வேலிக்குள்ளேயே மூன்று நாளும் இருக்க வேண்டி வரும். அறுகம்பை நேர் எதிர். அலைச்சறுக்குப் பழக ஆசை இருந்தால் ஆகஸ்ட் அதற்கு நல்ல காலம். பேபி பொயின்ட் போன்ற இடங்களில் புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், மெயின் பொயின்ட் பழகினவர்களுக்கு உரியது. ஆனால் கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், இரவில் இசையும் கூட்டமும் அதிகம். மூன்று இரவுக்கு நான் அங்கே போகமாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்வது உப்புவெளி. திருகோணமலை நகரிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே, நிலாவெளிக்குப் போகிற வழியில். நிலாவெளிக் கரை இன்னும் விசாலமானது, அழகானதும்தான், ஆனால் அங்கே ஹோட்டல்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு ஐஸ்கிரீம் வாங்கவும் ஆட்டோ பிடிக்க வேண்டி வரலாம். உப்புவெளியில் கடற்கரையோடு சேர்ந்து சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. பின்னேரம் அக்காவும் தம்பியும் இரண்டு பேருமாக மணலில் நடந்து போய் எதையாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இன்னொன்றும் உண்டு, எனக்கு இது பெரிய விஷயம். அங்கே படகுக்காரர், கடைக்காரர், மீன் இழுக்கிறவர்கள் எல்லோரோடும் தமிழிலேயே கதைக்கலாம். கொழும்பில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பாதி நாளைக் கழிக்கிற எங்கள் பிள்ளைகள், தங்கள் காரியத்தைத் தாங்களே தமிழில் கேட்டு முடித்துக்கொண்டு வருவதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா?

அவர்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாமலை என்கிற சின்னத் தீவுக்குப் போகலாம். 2003இல் தேசிய பூங்காவாக அறிவித்த இடம், வனசீவராசிகள் திணைக்களத்தில் நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். முகமூடியும் குழாயும் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் பவளப்பாறையும் நிறநிறமான மீன்களும், சில நேரம் சின்னச் சுறாக்களும் தெரியும். காலை நேரத்தோடு போங்கள். கூட்டம் வந்து கலக்கிய பிறகு தண்ணீர் தெளிவாக இராது. பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள், மிதித்தால் அது செத்துவிடும், காலையும் வெட்டும். நகரத்துக்குள் 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள் மான்கள் உலாவும். அதைத் தாண்டி ஏறினால் சுவாமி மலையில் திருக்கோணேச்சரம். சம்பந்தர் பாடிய தலம் என்று தேவாரத்தில் படித்ததை அந்தப் பாறை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே மகனுக்குச் சொல்லலாம். கன்னியா வெந்நீரூற்று ஒரு மணித்தியால வேலை. ஏழு கிணறும் ஏழு சூடு, பிள்ளைகள் விடாமல் தொட்டுப் பார்ப்பார்கள்.

இனி அறை. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போகும்போது காசும் மனமும் இரண்டும் இங்கேதான் அடிபடும். பெரும்பாலான ஹோட்டல்களில் 12 வயதுக்கு மேல் முழு ஆள் கணக்கு. இணையத்தில் 'இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள்' என்று போட்டு வருகிற விலை சின்னப் பிள்ளைகளுக்கான விலையாக இருந்தால், அங்கே போய் இறங்கும்போது மிச்சக் காசு கேட்பார்கள். வயதைச் சரியாகச் சொல்லி, எழுத்தில் விலை வாங்குங்கள். அதோடு, 'ஃபமிலி ரூம்' என்று தருவது ஒரு பெரிய கட்டிலும் ஒரு மேலதிகக் கட்டிலும் போட்ட ஒரே அறையாகவே இருக்கலாம். 16 வயதுப் பெண்பிள்ளைக்கு உடை மாற்ற, நேரம் எடுத்துக் குளிக்க, மாதவிடாய் நாட்களில் யாருக்கும் சொல்லாமல் சற்றுப் படுத்திருக்க ஓர் இடம் வேண்டும். தம்பியோடு ஒரே கட்டிலில் படு என்று சொல்வது அவளுக்குச் செய்கிற நியாயமில்லை. உள்ளே கதவு வைத்து இணைத்த இரண்டு அறைகள் கிடைக்குமா என்று கேளுங்கள். ஓர் அறையில் அம்மாவும் மகளும், மற்றதில் அப்பாவும் மகனும். நாங்கள் இப்போது அப்படித்தான் எடுக்கிறோம், கடல் தெரிகிற அறையை விட்டுக்கொடுத்தாவது. தோட்டம் தெரிகிற இரண்டு அறை, கடல் தெரிகிற ஓர் அறையைவிட இந்த வயதுக்கு நல்லது. கடல் எப்படியும் பத்தடியில் இருக்கிறது.

பத்தடியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். படத்தில் மணல் தெரிந்தால் போதாது. கடல் அரிப்பால் வாதுவை, களுத்துறைப் பக்கம் பல இடங்களில் ஹோட்டலுக்கு முன்னால் கல் அணைதான் இருக்கிறது. கல்கிசை போன்ற இடங்களில் ஹோட்டலுக்கும் கரைக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. செய்மதி வரைபடத்தில் கட்டடத்தைத் தேடி, அதற்கு முன்னால் மணலா கல்லா பாதையா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழைய படங்களை நம்பாமல், அண்மையில் தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள்.

நீச்சல் தடாகத்துக்குப் பருத்தி டீசேர்ட்டோடு இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடை வேண்டும். முழுக்கையும் நீளக் காற்சட்டையும் வைத்த நீச்சல் உடைகள் கொழும்பிலேயே கிடைக்கின்றன. மகளுக்கு எது வசதியோ அதை அவளே தெரிவு செய்யட்டும், அங்கே போய்ச் சங்கடப்பட வைக்காதீர்கள். தடாகம் இரவு எத்தனை மணிக்கு மூடும் என்றும் கேளுங்கள், இந்த வயதுக்காரருக்கு இரவு எட்டு மணிக்குத்தான் நாள் தொடங்கும். வைஃபை அறைக்குள் வருமா என்பதை அவர்களே கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு ஹாஃப் போர்ட், அதாவது காலையும் இரவும் சாப்பாடு சேர்ந்த விலை, எடுங்கள். வளருகிற பிள்ளைகளின் பசிக்கு இரவு பஃபே கட்டுப்படியாகும், மதியத்துக்கு வெளியே சோறோ கொத்தோ சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால், அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் வடிவாகச் செய்து தருவார்கள், சொல்லாவிட்டால் பருப்பும் சலாட்டும்தான் மிஞ்சும்.

விலை கேட்கும்போது எல்லாம் சேர்த்த விலையா என்று கட்டாயம் கேளுங்கள். 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் மேலே ஏறினால் கணக்கே மாறிவிடும். உள்ளூர் விலைக்கு அடையாள அட்டை காட்ட வேண்டும், மகளுக்கும் எடுத்தாயிற்று என்றால் அதையும் கொண்டு போங்கள். அந்த நாட்களில் ஹோட்டலில் கலியாணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பதும் நல்லது. போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதியைத் தவிருங்கள்.

கிழக்குக்குப் போகவே முடியாது, அதே இரண்டு மணித்தியாலம்தான் என்றால் பெந்தோட்டையைப் பாருங்கள், ஆனால் கடலுக்காக இல்லை, ஆற்றுக்காக. பெந்தர கங்கை கடலில் கலக்கும் இடத்தில் மணல்திட்டு மறைப்பதால் உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும். ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏற்றுகிறவரிடம் போகாதீர்கள். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டல் அங்கே கரையிலேயே இருக்கிறது, மகளுக்கு வரைதலில் ஈடுபாடு இருந்தால் அந்தக் கட்டடமே அவளுக்கு அரை நாள் வேலை.

என் முடிவைக் கேட்டால், உப்புவெளியில் மூன்று இரவு, இணைந்த இரண்டு அறை, ஹாஃப் போர்ட். ஆகஸ்ட் அங்கே நெரிசலான மாதம், இப்போதே பதிவு செய்யுங்கள். பாதை 260 கிலோமீற்றர் அளவில், நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல். ஹபரணைக்கு அப்பால் காடு, பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும், அதனால் பின்னேரப் பயணம் வேண்டாம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்பீர்கள். அறை பெரும்பாலும் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். நீச்சல் உடைகளையும் துவாய்களையும் தனியாக ஒரு சின்னப் பையில் மேலாக வைத்துக்கொண்டால் பிள்ளைகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.